சென்னியப்பன் சொல்யூஷன்

கேனை அங்கயே வாசப்படிகிட்ட வைங்க தம்பி. உள்ள கொண்டாராதீங்க. உக்காருங்க. டீ சொல்லியிருக்கறேன், வரும். இந்த வெயில்ல கணபதி ஏரியா பூரா அலைஞ்சுட்டு வந்திருக்கறீங்க, வந்ததும் வராததுமா போங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. பையிலிருந்து நாலு போல்ட்டை எடுத்து மேசை மேல பரப்புனீங்களே, சயனைடே இல்லாத ஜிங்க் பிளேட்டிங்கு, வெளிநாட்டுக் கண்டுபிடிப்பு, நம்மூருக்கே புதுசுன்னு ஒரே மூச்சுல சொன்னீங்களே, அதை மட்டும் என்கிட்டச் சொல்லாதீங்க. வேற எவன்கிட்டயாச்சும் போய்ச் சொல்லுங்க.

உங்க முதுகுக்குப் பின்னால, அந்தச் செவுத்தோரமாத்தான் தொட்டி இருந்துச்சு. முப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தி. நீங்க பொறந்தே இருக்க மாட்டீங்க. அந்தத் தொட்டிக்குள்ள இருந்ததும் இந்தக் கேனுக்குள்ள இருக்கறதும் ஒண்ணுதான். கண்டுபிடிச்சது வெளிநாட்டுக்காரன் இல்லீங்க. என்ற அக்கா ஜெயமணியோட ஊட்டுக்காரர். சென்னியப்பன்னு பேரு. பத்தாவது பெயிலு.

சிரிக்காதீங்க. பெயிலானவருதான். மில்லு ஒர்க்‌ஷாப்புல பிளேட்டிங் தொட்டிக்கு ஆளா நின்னவரு. அக்காளைக் கட்டுன பொறவு, நாந்தான் எங்கப்பன் எடத்துல இந்தப் பட்டறை செட்டைப் போட்டுக் குடுத்து, வாங்க மச்சான், ரெண்டு பேரும் சேந்து தொழில் பண்ணலாம்னு கூட்டியாந்தேன். கம்பெனி ரெண்டு பேரு பேர்லயும். முதலு என்றது. எடம் என்றது. பார்ட்டிகிட்டப் பேசறது, ஆள் வெச்சு வேலை வாங்கறது எல்லாம் நானு. அவரு தொட்டிகிட்ட நிப்பாரு. அவ்வளவுதான்.

நம்ம தொழிலு என்னங்க? இரும்பு துருப்புடிக்காம இருக்கோணும்னு அது மேல கரண்டு விட்டு ஜிங்க்கை ஏத்தறது. அந்தக் காலத்துல அதுக்கு சயனைடு இல்லாம முடியாது. துளி நாக்குல பட்டா ஆள் காலி. நாங்க அதை டிரம்மு டிரம்மா வாங்கி, மம்பட்டியில அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தோம். எல்லாருமே அப்படித்தான். ஒரு நாள் பக்கத்துக் காட்டுக்காரர் ஆடு மூணு, நம்ம சாக்கடைத் தண்ணியைக் குடிச்சுப்போட்டு அங்கயே உழுந்து செத்துப் போச்சு. நான் போய்ப் பேசி, ஆட்டுக்கு வெலையைக் குடுத்துத் தீத்துட்டேன். தீந்து போன விசயம். இவரு விட்டாரா? மூணு ஆட்டையும் குழி தோண்டிப் பொதைக்கற வரைக்கும் வெயில்லயே நின்னாரு. திரும்பி வந்து, “மாப்ளே, இனி இந்த வெசத்தை நான் தொடறதில்லை”ன்னாரு.

பிளேட்டிங் ஷாப்பு வெச்சுக்கிட்டு சயனைடைத் தொட மாட்டேன்னா எப்படீங்க? மளிகைக்கடைக்காரன் உப்பு விக்க மாட்டேன்னு சொல்ற மாதிரி. நாலு வருசம் தம்பி. நாலு வருசம் அந்த மனுசன் ஒரு சின்னத் தொட்டியை வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டுனாரு. காஸ்டிக் சோடாவுல ஜிங்க்கைக் கரைச்சு ஏத்துனா ஏறும், ஆனா சாம்பலாட்டம் ஏறும், கையில தேய்ச்சா ஒட்டிக்கிட்டு வரும். அதைப் பளிச்சுன்னு ஏத்தறதுக்கு என்ன போடறதுன்னு அவரு போட்டுப் பாக்காத சாமானே இல்லீங்க. அக்கா சமையக்கட்டுல இருந்து வெல்லம் போச்சு, சோம்பு போச்சு, ஐஸ்கிரீமுக்குப் போடற எசன்ஸு போச்சு. தச்சன் மரம் ஒட்டற வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சுனாரு. மருந்துக்கடைக்காரன் இவரைப் பாத்தா கதவைச் சாத்தறான். எல்லாத்தையும் நோட்டுல எழுதுவாரு. இத்தனை சொட்டு, இத்தனை நேரம், இந்தக் கலரு. நோட்டு மட்டும் பதினேழு.

கம்பெனி எப்படி ஓடுச்சுன்னு கேக்க மாட்டேங்கறீங்களே? நான் சரவணம்பட்டியில தனியா ஒரு செட்டு எடுத்து, அங்க சயனைடுலயே ஓட்டிக்கிட்டு இருந்தேன். ரெண்டு குடும்பம் சோறு உங்கோணுமல்லங்க. அது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் என்ன ஆகப் போகுது, வருத்தப்படுவாரு. எதுக்கு ஒரு மனுசனை வருத்தப்பட வைக்கறதுன்னு நான் சொல்லலை. நான் எப்பவுமே அப்படித்தானுங்க. அடுத்தவங்க மனசு நோகற மாதிரி ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

அஞ்சாவது வருசம் தை மாசம் ஒரு நாள் காத்தால, ஒரு போல்ட்டைத் தொடைச்சு என்ற கையில வெச்சாரு. வெள்ளிக் கொலுசாட்டம் இருந்துச்சு. நகத்துல சொரண்டுனேன், வரலை. சுத்தியல்ல அடிச்சேன், உரியலை. “சயனைடு எத்தனை மச்சான்?”னு கேட்டேன். “ஒரு பொட்டு இல்ல மாப்ளே”ன்னாரு. கண்ணுல தண்ணி நிக்குது. எனக்கும் சந்தோசந்தானுங்க. இல்லைன்னு சொன்னா வாய் வெந்து போயிரும்.

அப்பறம் பாருங்க கூட்டத்தை. லூதியானாவிலிருந்து வர்றான், ராஜ்கோட்டிலிருந்து வர்றான். எவன் வந்தாலும் நோட்டை எடுத்து விரிச்சு வெச்சுக்குவாரு. இது இத்தனை, அது இத்தனை, இதை இதுக்கு முந்திப் போடக் கூடாது. டீயும் வாங்கிக் குடுத்து, எழுதிக்கங்க எழுதிக்கங்கன்னு சொல்லுவாரு. நான் தனியாக் கூப்புட்டு, “ஏனுங் மச்சான், தொழில் ரகசியத்தை இப்படியா வாரி உடறது?”ன்னா, “ஆடு அங்கயும் தண்ணி குடிக்குமல்ல மாப்ளே”ங்கறாரு. உங்க கம்பெனி ஆளுங்களும் வந்திருப்பாங்க, யாரு கண்டா. கோட்டுப் போட்ட ரெண்டு பேரு வந்து இதே பெஞ்சுல உக்காந்து வடை தின்னுட்டுப் போனானுங்க.

தொழில்ல எல்லாரும் அதுக்கு ‘சென்னியப்பன் சொல்யூஷன்’னு பேரே வெச்சுட்டாங்க. பாத்தீங்களா. எடம் என்றது, முதலு என்றது, கரண்டு பில்லு என்ற பேர்ல வருது. பேரு மட்டும் அவருது. இந்த நாச்சிமுத்து ஒருத்தன் இருந்தான்னு ஒரு பய சொல்லுவானா? ஆனா நான் அதை மனசுல வெச்சுக்கலை. சும்மா பேச்சுக்குச் சொல்றேன்.

உங்க நோட்டீசைக் குடுங்க. கண்ணாடி இல்லை, நீங்களே படிங்க. கடைசிப் பக்கத்துல, ஹைடென்சில் போல்ட்டுன்னா பிளேட்டிங் ஆன நாலு மணி நேரத்துக்குள்ள அடுப்புல வெச்சு எட்டு மணி நேரம் சுடோணும்னு போட்டிருக்குதா? போட்டிருக்குமுங்க. அதையும் அவரு அப்பவே சொன்னாரு. சாதா போல்ட்டுக்கு வேண்டியதில்லை. கெட்டியான எஃகுக்குத்தான். “தொட்டிக்குள்ள இருக்கறப்ப எஃகு காத்தைக் குடிச்சுக்குது மாப்ளே. சுட்டாத்தான் அது வெளிய போகும். சுடாம உட்டா இன்னைக்கு ஒண்ணும் தெரியாது, பாரம் ஏத்துன நாலாம் நாளோ பத்தாம் நாளோ படார்னு முறிஞ்சு போயிரும்”னு சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் மனப்பாடம். அதுக்குன்னே காந்திபுரத்துல மூடுன பேக்கரி ஒண்ணுல இருந்து பன்னு சுடற கரண்டு அடுப்பை வாங்கியாந்து வெச்சாரு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கார்டு. எத்தனை மணிக்கு உள்ள, எத்தனை மணிக்கு வெளிய, யாரு பாத்தது, கையெழுத்து. அந்தக் கார்டு இல்லாம ஒரு போல்ட்டு வாசலைத் தாண்டாது.

அப்ப பெரிய பார்ட்டி ஒண்ணு கெடைச்சுது. போர்வெல் மோட்டாரைத் தூக்கறப்பக் குழாயைக் கவ்விப் புடிக்கறதுக்குக் கிளாம்பு போடுவாங்கல்லங்க, அந்தக் கிளாம்பு போல்ட்டு. முச்சூடும் கெட்டி எஃகு. மொத லோடு. அந்த நேரத்துலதான் மச்சானை பம்பாய்க்குக் கூப்புட்டுட்டாங்க, பிளேட்டிங்காரங்க கூட்டத்துல அவரு முறையைப் பத்திப் பேசச் சொல்லி. சனிக்கெழமை ரயில் ஏறிட்டாரு. மக்யாநாள் ஞாயித்துக்கெழமை ஆயுத பூசை.

காத்தால பிளேட்டிங் முடிச்சு, ஒரு மணிக்குத் தட்டெல்லாம் அடுப்புல ஏத்தியாச்சு. அவரு கதவுல காகிதம் ஒட்டிப்போட்டுப் போயிருக்கறாரு: ‘1 மணிக்கு உள்ளே. 9 மணிக்கு வெளியே. நடுவில் அணைக்கக் கூடாது.’ சரி. செட்டு பூராக் கழுவி உட்டு, தொட்டிக்குப் பட்டை போட்டு, மோட்டாருக்குப் பொட்டு வெச்சு, பொரிகடலை, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் தயாரு. ஞாயித்துக்கெழமை நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பூசையை முடிக்கோணும். அடுப்புக்கு வந்தமுங்க. சந்தனம் வெச்சா சுர்ருங்குது. திருநீறு நிக்க மாட்டேங்குது. மாலையைப் போட்டா செவ்வந்திப் பூவு கருகுது. நீங்களே சொல்லுங்க, நமக்குச் சோறு போடற சாமானுக்கு வருசத்துல ஒரு நாள் ஓய்வு, ஒரு நாள் பூசை. அதை எரிய உட்டுக்கிட்டேயா சூடம் காட்டறது? ஊர்ல எந்தப் பட்டறையிலயாச்சும் அப்படி உண்டா?

ஃபோர்மேன் மாரண்ணன் சொன்னான். “ஏனுங், பெரியவரு அணைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கறாருங்க. அடுப்பை மட்டும் உட்டுப்போடலாமுங்க”ன்னான். அடுப்பை மட்டும் எப்படீங்க உடறது? எல்லாத்துக்கும் பூசை, அதுக்கு மட்டும் இல்லைன்னா? எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. “மொதலாளி நானா அவரா?”ன்னு கேட்டேன். கேட்டு, சுவிட்சை அணைச்சு, தட்டையெல்லாம் எடுத்து வெளிய வெக்கச் சொல்லி, அடுப்பைத் தண்ணித் துணி போட்டு ஆத்தி, அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப்போட்டு அந்த எடத்துல சந்தனம் வெச்சேன். நல்ல பூசைங்க அன்னைக்கு. ஆளுங்க எல்லாம் பொரியும் பழமும் வாங்கிக்கிட்டுச் சந்தோசமாப் போனாங்க. பூசை போட்ட பொறவு மக்யாநாள் விஜயதசமிக்கு மறு பூசை போடற வரைக்கும் ஒரு சாமானைத் தொடக் கூடாது. அது உங்களுக்கும் தெரியும்.

மக்யாநாள் காத்தால மறு பூசை முடியறப்பவே பார்ட்டியோட லாரி வந்து நிக்குது. மாரண்ணன், “மறுக்காச் சுட்டுப் போடலாமுங்க”ன்னான். நாலு மணி நேரத்துக்குள்ள வெக்கோணும்னு மச்சானே சொல்லியிருக்கறாரு, ஒரு ராத்திரி தாண்டிப் போச்சு, இனிச் சுட்டா என்ன, சுடாட்டி என்ன? மேப்பூச்சுக் கலர்த் தொட்டியில முக்கி எடுத்துக் கட்டுங்கடான்னேன். ரெண்டரை மணி நேரம் சுட்டுத்தானே இருந்துச்சு? சுத்தமாச் சுடலைன்னு சொல்ல முடியாது. கார்டுல ஒண்ணு, ஒம்பதுன்னு எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். கார்டு இல்லாம லாரிக்காரன் எடுக்க மாட்டேங்கறான், நான் என்ன பண்ணட்டும்? சுட்ட போல்ட்டையும் சுடாத போல்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா? தெரியாதுங்க. எனக்கும் தெரியாது. எல்லாம் ஒரே பளபளப்பு.

இருவதாம் நாள் பல்லடத்துப் பக்கம் ஒரு தோட்டத்துல மோட்டார் தூக்கறப்ப போல்ட்டு முறிஞ்சு போச்சு. குழாய் நழுவிருச்சு. ஆறுச்சாமின்னு ஒரு ஆளு, கிளாம்பைப் புடிச்சுக்கிட்டு இருந்தவன். வலது கையில நாலு வெரலு.

போனாப் போகுதுன்னு சொல்லலைங்க. பாவந்தான். ஆனா நடக்கறது நடக்கும்.

பார்ட்டி கம்பெனியில இருந்து மூணு பேரு வந்தாங்க. மச்சான் பம்பாய்ல பெரிய மரியாதையெல்லாம் வாங்கிட்டு வந்து பத்து நாள்தான் ஆகுது. முறிஞ்ச போல்ட்டைக் கையில வாங்கிப் பாத்தாரு, மூஞ்சி வெளுத்துப் போச்சு. “சுட்டீங்களா?”ன்னு அவங்க கேட்டாங்க. இவரு போய்க் கார்டை எடுத்துட்டு வந்தாரு. என்ற கையெழுத்தைப் பாத்தாரு. என்னையத் திரும்பிப் பாத்தாரு. நான் அப்பச் சொல்லியிருப்பனுங்க. சத்தியமாச் சொல்லியிருப்பேன், “அணைச்சீங்களா மாப்ளே?”ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா. அவரு கேக்கலை. அவங்ககிட்டத் திரும்பி, “என்ற மாப்ளை கையெழுத்துப் போட்டிருக்கறாரு. சுட்டிருக்குது. அப்பக் குறை என்ற சொல்யூஷன்லதான் இருக்கோணும்”னுட்டாரு.

நம்பிட்டாரு. தப்பு யாருதுங்க? ஒரு மனுசன் அப்படியா நம்பறது?

அத்தோட பார்ட்டி போச்சு. சென்னியப்பன் சொல்யூஷன்ல போட்டா முறியும்னு ஊர் பூராப் பேச்சு. ஒருத்தனும் வர்றதில்லை. நான் பழையபடி சயனைடைப் போட்டுத் தொழிலைத் தூக்கி நிறுத்துனேன். அவரு ஒரு மூலையில உக்காந்து குறையைத் தேட ஆரம்பிச்சாரு. பதினோரு வருசம். போல்ட்டை முக்குவாரு, சுடுவாரு, பாரம் கட்டித் தொங்க உடுவாரு. முறியாது. தண்ணி மாத்திப் பாப்பாரு, சிறுவாணித் தண்ணி, போர்த் தண்ணி, மழைத் தண்ணி. முறியாது. ஒண்ணு முறிஞ்சாலாவது அந்த மனுசன் நிம்மதியா இருந்திருப்பாரு. “ஒண்ணுமே முறிய மாட்டேங்குது மாப்ளே. அப்ப அது ஏன் முறிஞ்சுது?”ன்னு என்ற கிட்டயே வந்து கேப்பாரு. நான் என்னங்க சொல்லுவேன்? “விடுங்க மச்சான், போனது போகட்டும்”னு சொல்லுவேன்.

மாசாமாசம் பல்லடம் போயிருவாரு, ஆறுச்சாமியைப் பாக்க. அவன் காட்டுல களை வெட்டிக் குடுப்பாரு, சோறு பெசைஞ்சு ஊட்டுவாருன்னெல்லாம் கேள்வி. அக்கா ஒரு தடவை என்ற கிட்ட அழுதுச்சு. “ராப்பகலா நான் ஒருத்தன் கையை எடுத்துட்டேன், ஒருத்தன் கையை எடுத்துட்டேன்னு பொலம்பறாரு நாச்சி”ன்னு. நாந்தான் அக்காளைத் தேத்துனேன். மாரண்ணன் மூஞ்சியும் ஒரு மாதிரி இருந்துச்சு, அதனால என்ற மச்சினன் மில்லுல அவனுக்கு வாட்ச்மேன் வேலை வாங்கிக் குடுத்துத் தாட்டி உட்டேன். நல்ல சம்பளம். நான் யாரையும் கைவிட்டதில்லைங்க.

கடைசியா என்னாச்சுன்னா, அரசாங்க ஆபீஸ் ஒண்ணுல இருந்து கடுதாசி வந்துச்சு. சயனைடு இல்லாத முறையை நாடு பூரா சின்னப் பட்டறைகளுக்குச் சொல்லிக் குடுக்கப் போறம், உங்க பேரைப் போட்டே அச்சடிக்கறம், சம்மதம் குடுங்கன்னு. நான் மூணு தடவை படிச்சேன். பழைய பேரெல்லாம் திரும்பி வருது பாருங்க, விடாதீங்கன்னேன். அவரு ராவெல்லாம் உக்காந்து பதில் எழுதிட்டு வந்தாரு. இன்னும் எனக்கு மனப்பாடமா இருக்குது. ‘என் முறையில் எனக்கே தெரியாத குறை ஒன்று இருக்கிறது. பதினோரு வருடம் தேடியும் அகப்படவில்லை. அதனால் ஒருவர் கை போயிற்று. ஆகவே இதை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.’

கம்பெனி ரெண்டு பேரு பேர்லயும் இருக்கறதுனால என்ற கையெழுத்தும் வேணும். இதே மேசைதான். பேனாவை என்ற கையில குடுத்துட்டு நின்னாரு. நின்னுட்டு, “மாப்ளே, ஒரே ஒரு தடவை கேட்டுக்கறேன். அன்னைக்கு அடுப்பு எட்டு மணி நேரமும் எரிஞ்சுதல்ல?”ன்னாரு.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க தம்பி? சொன்னா, போன வெரலு திரும்பி வந்துருமா? பதினோரு வருசத்துக்கு அப்பறம் கேஸு, கோர்ட்டுன்னு நான் நிக்கறதா? அப்ப என்ற பொண்ணுக்குச் சம்மந்தம் பேசிக்கிட்டு இருக்கறோம். “கார்டுல எழுதியிருக்குதுங்களே மச்சான்”னேன். பொய்யில்லீங்க. எழுதித்தானே இருந்துச்சு.

அவரு ரெண்டு கையையும் கூப்புனாரு. “கேட்டிருக்கக் கூடாது மாப்ளே. இத்தனை வருசம் கேக்காம இருந்துட்டு, எங்கியோ ஒரு பழியைப் போட்டுப்போட்டுத் தப்பிச்சுக்கலாம்னு புத்தி போகுது பாருங்க. என்னைய மன்னிச்சிருங்க”ன்னாரு. நான் கையெழுத்துப் போட்டேன். அவரே கொண்டுபோய்த் தபால்ல சேத்தாரு. திரும்பி வந்து தொட்டியைத் தொறந்து உட்டாரு. அது காலியாகற வரைக்கும் பக்கத்துலயே குத்த வெச்சு உக்காந்திருந்தாரு.

எட்டு மாசத்துல போயிட்டாரு. நெஞ்சு வலி. அதுக்கப்பறம் ரெண்டு வருசத்துல உங்க கம்பெனிக்காரங்க கேனைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. இதேதானுங்க. ஒரு மாத்தமில்லை. வீட்டுச் சாமானை வெளியில உட்டுட்டு வெலை குடுத்து வாங்கோணும்னா வயிறு எரியுமா எரியாதா? தானே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரே தம்பி, தானே.

டீ ஆறுது, குடிங்க. என்ற வருத்தம் அதுகூட இல்லைங்க. அக்காதான். கருமாதிக்கு வந்த மாரண்ணன் என்னத்தையோ அக்காகிட்ட ஓதிட்டுப் போயிட்டான். வேலை வாங்கிக் குடுத்ததுக்கு நன்றி அது. அடுத்த வாரம் அக்கா இங்க வந்துச்சு. சத்தம் போடும், மண்ணை வாரித் தூத்தும்னு நான் பாத்தேன். ஒண்ணுமில்லை. நின்னுக்கிட்டே கேட்டுச்சு. “உன்ற மேல சந்தேகப்பட்டுட்டேனேன்னு உன்ற மச்சான் மூணு நாள் சோறு உங்கலை நாச்சி. உன்ற கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொன்னாரு. அப்ப நீ அவருக்கு என்னடா பதில் சொன்னே?”

நான் மறைக்கலைங்க. நடந்ததைத்தான் சொன்னேன். “பரவால்லீங்க மச்சான், போகட்டும் விடுங்கன்னு சொன்னேன்கா”ன்னேன்.

அக்கா போயிருச்சு. இருவது வருசமாச்சு. என்ற பொண்ணு கல்யாணத்துக்கு வரலை, பேரன் காதுகுத்துக்கு வரலை, ரோட்டுல பாத்தா அக்கட்டத் திரும்பிக்குது. நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. அத்தனை பெரிய மனுசன் கையைக் கூப்பி மன்னிப்புக் கேக்கறாரு. பரவால்லைன்னு சொல்லாம நான் வேற என்னங்க சொல்லியிருக்கோணும்?